சிலுவை நிற்கும் இடத்தில் தேடாதீர்கள்: அனிமேயும் எண்ணாமல் நுழைந்த கிறித்தவமும்

எதிரி வீழ்ந்ததும் வானத்தை முட்டும் உயரத்துக்கு நெருப்புச் சிலுவை ஒன்று எழுகிறது. 1995 அக்டோபரிலிருந்து 1996 மார்ச் வரை டிவி டோக்கியோவில் 26 பாகங்களாக வந்த ‘நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியன்’ என்ற அனிமே (ஜப்பானிய அசைபட) தொடரின் அடையாளமே இந்தக் காட்சிதான். ‘எவாஞ்சலியன்’ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சுவிசேஷம் என்று பொருள். நிலத்தடிக் கூடத்தில் லிலித் என்ற வெள்ளை உடல் ஒன்று செந்நிறச் சிலுவையில் அறையப்பட்டிருக்கும். அதைக் குத்தியிருக்கும் ஈட்டிக்கு லாஞ்ஜினஸ் ஈட்டி என்று பெயர். தலைமையகத்தின் மூன்று கணினிகளுக்கும், குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகளுக்கு மரபு தந்த பெயர்கள்: மெல்கியோர், பல்தசார், காஸ்பர். உலகத்தின் முடிவைத் திட்டமிடும் ரகசியக் குழுவின் கையில் சாக்கடல் சுருள்கள் என்ற பழைய யூத ஏடுகளின் மறைவான பகுதி இருக்கிறது.

இத்தனையையும் பார்த்த கிறித்தவ ரசிகர்கள் உள்ளே ஓர் இறையியல் புதைந்திருக்கும் என்று தோண்டத் தொடங்கியதில் வியப்பில்லை. தொடரின் துணை இயக்குநர் கசுயா சுருமாகியிடம் பின்னாளில் அமெரிக்க ரசிகர்கள் இதைக் கேட்டார்கள். அவர் சொன்னதன் சாரம் இது: ராட்சத ரோபோத் தொடர்கள் ஜப்பானில் ஏராளம். அவற்றிலிருந்து தனித்துத் தெரிய மதச்சாயல் வேண்டியிருந்தது. கிறித்தவம் அங்கே அரிது, அதனால் மர்மமாகத் தோன்றும் என்று நினைத்தார்கள். பணியாற்றியவர்களில் கிறித்தவர் யாருமில்லை. சின்னங்கள் பார்க்க நன்றாக இருந்தன, அவ்வளவுதான். மேற்கு நாடுகளுக்கும் போகும் என்று தெரிந்திருந்தால் யோசித்திருப்பார்களாம்.

இந்தப் பதிலோடு பேச்சை முடித்துக்கொள்பவர்கள் உண்டு. ‘ஆண்டவர் அவர்களை அறியாமலே பேச வைத்தார்’ என்று தாண்டிப் போகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் படைப்பைப் பார்ப்பதை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. அலங்காரமாக வந்த கிறித்தவத்தைக் கழித்துவிட்டால், யாரும் திட்டமிடாத வேறொன்று மிச்சமிருக்கிறதா? பல தொடர்களில் இருக்கிறது. ஆனால் அது அநேகமாகச் சிலுவை தெரியும் சட்டகத்தில் இருப்பதில்லை. (முடிவுகளைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

முதலில் கழித்தல். ஜப்பானில் கிறித்தவர்கள் மக்கள்தொகையில் சுமார் ஒரு விழுக்காடு. ஆனால் கிறித்துமஸ் வந்தால் ஸ்ட்ராபெர்ரி வைத்த கேக்கும், 1974இல் தொடங்கிய விளம்பரத்தின் புண்ணியத்தில் கேஎஃப்சி கோழியும் நாடு முழுக்க விற்கும். ஞானஸ்நானம் பெறாத மணமக்கள் ஹோட்டலை ஒட்டிக் கட்டிய சிற்றாலயத்தில் வெள்ளை அங்கியோடு மணம் முடிப்பார்கள். அந்த ஊரில் சிலுவைக்கு எடை குறைவு. நம் கண்ணுக்குக் கனமாகத் தெரிவது நம் பழக்கம்.

அடுத்து, அனிமே ‘பைபிளிலிருந்து’ எடுத்ததாக நாம் நம்பும் சரக்கை ஒவ்வொன்றாகப் பைபிளைத் திறந்து சரிபார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை. பாதிக் கட்டுரைகள் இதிலேயே உதிர்ந்துவிடும். லாஞ்ஜினஸ் என்ற பெயர் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. யோவான் 19:34இல் இயேசுவின் விலாவை ஈட்டியால் குத்துபவர் பெயரில்லாத ஒரு போர்ச்சேவகர். பெயர், திருமுறையில் சேராத நிக்கொதேமு நற்செய்தியிலிருந்து வந்தது. ஞானிகள் மூவர் என்று மத்தேயு எண்ணிச் சொல்லவில்லை, பெயரும் தரவில்லை. லிலித் ஏசாயா 34:14இன் எபிரேய மூலத்தில் ஒரே ஒரு முறை பாழிடத்து இரவுப் பிராணிபோல வந்து போகிறது. ஆதாமின் முதல் மனைவி என்ற கதை இடைக்கால யூத நூல் ஒன்றில்தான் இருக்கிறது. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’டின் வில்லன்களுக்குப் பெயர் கொடுத்த ஏழு தலையான பாவங்களின் பட்டியல் 6ஆம் நூற்றாண்டில் பாப்பரசர் முதலாம் கிரகோரியார் ஒழுங்குபடுத்தியது. ஏதேன் கனி ஆப்பிள் என்று ஆதியாகமம் சொல்லவே இல்லை. அது ஐரோப்பிய ஓவியர்களின் பழக்கடை.

ஆக, அனிமேக்குள் வந்தது வேதாகமம் அன்று. அதைச் சுற்றி வளர்ந்த பழங்கதைகளும் மறைஞானக் கையேடுகளும். அதற்குக் காரணம் இருக்கிறது. 1973இல் பென் கோதோ எழுதிய நாஸ்ட்ரடாமஸ் தீர்க்கதரிசன நூல் ஜப்பானில் பெரும் விற்பனை கண்டது. 1979இல் ‘மூ’ என்ற மர்ம இதழ் தொடங்கியது. உலக முடிவு, பறக்கும் தட்டு, கபாலா என்ற யூத மறைஞானம், சாக்கடல் சுருள் எல்லாம் ஒரே அலமாரியில் அடுக்கப்பட்டன. அந்த அலமாரிக்கு முன்னால் வளர்ந்த தலைமுறைதான் எவாஞ்சலியனைச் செய்தது. தொடக்கப் பாடலில் மின்னி மறையும் வாழ்வின் மரம்கூட யூத மறைஞான வரைபடமே. அதன் வேர் தேவாலயத்தில் இல்லை.

‘அழகுக்காக வைத்தோம்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எவாஞ்சலியனின் இயக்குநர் ஹிதேயாகி அன்னோ, தொலைக்காட்சி ராட்சத வீரனான அல்ட்ராமேன் மீது பைத்தியம். மாணவப் பருவத்தில் நண்பர்களோடு எடுத்த குறும்படத்தில் அவரே அல்ட்ராமேனாக நடித்திருக்கிறார். அல்ட்ராமேனை உருவாக்கிய எய்ஜி சுபுராயா கத்தோலிக்கர். அவர் இறந்த பிறகு, 1972இல் வந்த ‘அல்ட்ராமேன் ஏஸ்’ தொடரில் மூத்த சகோதரர்கள் நால்வர் ஒரு கோளில் சிலுவைகளில் தொங்குகிறார்கள். கோளின் பெயர் கொல்கொதா. சிலுவையில் தொங்கும் ராட்சதர் என்ற படிமம் அன்னோவின் தலைமுறைக்குக் கோயிலிலிருந்து வரவில்லை, சிறுவயதுத் தொலைக்காட்சியிலிருந்து வந்தது. இரண்டாம் கையாக வந்த சின்னத்துக்கு முதல் கையின் நோக்கத்தை ஏற்றிச் சொல்லக் கூடாது.

கழித்தலில் அதிகம் வழுக்கும் இடம் மொழிபெயர்ப்பு. எவாஞ்சலியனின் எதிரிகளைத் திரையிலேயே ஆங்கிலத்தில் ‘ஏஞ்சல்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் பாத்திரங்கள் வாயால் சொல்வது ‘ஷிதோ’. வானதூதருக்கு ஜப்பானியச் சொல் ‘தென்ஷி’. ஷிதோ என்றால் அப்போஸ்தலர். தமிழ் வாசகருக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். கத்தோலிக்கத் தமிழில் ‘வானதூதர்’, ‘திருத்தூதர்’ இரண்டிலும் ‘தூது’ இருப்பதைப் போல, ஜப்பானியத்திலும் இரண்டு சொற்களிலும் ‘ஷி’ என்ற அதே எழுத்து இருக்கிறது. அனுப்பப்பட்டவர் என்ற பொருள் பொது. யார் அனுப்பப்பட்டார் என்பதில்தான் வேறுபாடு. ‘வீழ்ந்த தூதர்களின் கலகம்’ என்று சப்டைட்டிலை நம்பி எழுதிய விளக்கங்கள் ஜப்பானிய ஒலியோடு ஒரு முறை பார்த்தாலே ஆட்டம் காண்கின்றன. பெயர்களோ ஏனோக்கின் நூல், யூத மரபு, இஸ்லாமிய மரபு மூன்றிலிருந்தும் கலந்து எடுத்தவை. இஸ்ராஃபில் எக்காளம் ஊதுவது இஸ்லாமிய மரபில்.

‘காமி’ என்ற சொல்லும் அப்படியே. ஆற்றுக்கும் மலைக்கும் உரிய ஷிந்தோ தெய்வங்களும் காமிதான். 1880களில் முடிவடைந்த மெய்ஜி கால வேதாகம மொழிபெயர்ப்பு ஏக இறைவனுக்குத் தேர்ந்த சொல்லும் காமிதான். ‘டெத் நோட்’ தொடரில், பெயர் எழுதினால் ஆளைக் கொல்லும் குறிப்பேடு கிடைத்த லைட் யகாமி ‘புதிய உலகின் காமி ஆவேன்’ என்னும்போது அவன் எந்த நாற்காலியைக் கேட்கிறான் என்பது சொல்லிலிருந்து மட்டும் தெரியாது. ‘ஃபுல்மெட்டல்’ வில்லனை ‘ஃபாதர்’ என்று ஆங்கிலத்தில் கேட்டதும் பிதாவின் போலி என்று எழுதத் தோன்றும். ஜப்பானியத்தில் பிள்ளைகள் அவனை ‘ஒதோசாமா’ என்கிறார்கள். பெரிய வீட்டுக் குழந்தை அப்பாவைக் கூப்பிடும் சொல். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் வரும் சொல் ‘சிச்சி’. வாதம் இதோடு முழுவதும் விழுந்துவிடாது, அவன் கடவுளையே இழுத்து விழுங்கப் பார்ப்பவன்தான். ஆனாலும் சொல்லை ஆதாரமாக வைக்க முடியாது.

சொல் தடுமாறியது இன்று நேற்றல்ல. பிரான்சிஸ் சவேரியார் 1549 ஆகஸ்டு 15 அன்று ககோஷிமாவில் இறங்கியபோது, துணைக்கு இருந்த அஞ்சிரோ என்ற ஜப்பானியர் சொன்னபடி கடவுளை ‘தைநிச்சி’ என்று போதித்தார். தைநிச்சி, ஷிங்கோன் பௌத்தத்தின் மகா வைரோசன புத்தர். பிக்குகள் மகிழ்ந்து வரவேற்றார்கள். 1551இல் தவறு புரிந்து, ‘தேவுஸ்’ என்ற லத்தீன் சொல்லையே ஜப்பானிய வாயில் ‘தேவுசு’ ஆக்கினார். இதே சவேரியார் அதற்கு முன் முத்துக்குளித்துறையில் பரதவர் நடுவே தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். அங்கே விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று இருந்தது கண்டு, திருத்தும்படி 1544இல் உடன் ஊழியர் மன்சிலாசுக்கு எழுதினார். ஒரு மதத்தின் சொல்லில் இன்னொரு மதத்தைக் கேட்டுவிடுவது ஜப்பானுக்குப் போன முதல் மிஷனரியிலிருந்தே இருக்கும் தொழில் அபாயம்.

கழித்த பிறகு எங்கே பார்ப்பது? கதை திரும்பும் முடிச்சில். பாத்திரத்தின் நிலை அங்கே எதனால் மாறுகிறது: உழைப்பாலா, கணக்குத் தீர்த்ததாலா, யாரோ ஈடாக நின்றதாலா, தகுதியில்லாமல் கிடைத்ததாலா? சிலுவை, சிறகு, ஒளிவட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கதையை நாலு வரியில் சொல்லிப் பாருங்கள். அந்த நாலு வரியில் கிறித்தவம் பேசிவரும் ஏதாவது ஒன்று இல்லாமல் கதை நிற்காது என்றால் மட்டும் மேலே போகலாம்.

எவாஞ்சலியனை இப்படிச் சொல்லுங்கள்: மனிதர்களுக்கு இடையிலான சுவர் வலிக்கிறது, எல்லா உயிரையும் ஒரே கடலாகக் கரைத்துவிடத் திட்டம் நடக்கிறது, கரைந்த பிறகு ஒரு பையன், வலித்தாலும் பரவாயில்லை, தனித்தனி மனிதர்களே வேண்டும் என்கிறான். 1997 ஜூலையில் வந்த முடிவுத் திரைப்படம் இதுதான். பக்தி இலக்கியத்தில் ஊறிய நமக்கு ‘இரண்டறக் கலத்தல்’ பேரின்பத்தின் பெயர். இந்தப் படம் அதையே பேரச்சமாகக் காட்டி, திரும்பி வரும் உடலைத் தேர்கிறது. ஒவ்வொருவரும் தம் தம் உடலோடு, முகத்தோடு எழுவார்கள் என்ற கிறித்தவ நம்பிக்கை தொடும் நரம்பு இது. அன்னோ அதை நினைத்திருக்க வேண்டியதில்லை. லிலித்தின் சிலுவையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் பலர் இதைத் தொடாமல் போய்விட்டார்கள்.

எண்ணாமல் எப்படி நுழைகிறது என்பதைத் தயாரிப்பு மேசையிலேயே காட்டக்கூடிய உதாரணம், 1984 மார்ச் 11 அன்று வெளியான ஹயாவோ மியாசாகியின் ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’. மியாசாகி முதலில் வரைந்த முடிவில், வெறிகொண்டு ஓடிவரும் ஓமு பூச்சிகளின் முன்னால் நௌசிகா இறங்குகிறாள், படம் முடிகிறது. இது போதாது என்று தயாரிப்பாளர் இசாவோ தகஹாதாவும் அப்போது ‘அனிமேஜ்’ இதழில் இருந்த தோஷியோ சுசுகியும் மணிக்கணக்கில் பேசினார்கள். மோதி இறந்துவிடுகிறாள் என்பது ஒரு யோசனை. இறந்து உயிர்த்தெழுகிறாள் என்பது இன்னொன்று. வெளியீட்டுத் தேதி நெருங்க, மியாசாகி கடைசி யோசனைக்குத் தலையசைத்தார். சுசுகி பின்னாளில் சொன்ன கணக்கு இது. உலகம் ‘கிறிஸ்து உருவகம்’ என்று கொண்டாடும் காட்சி பிறந்தது, படத்துக்கு உணர்ச்சி உச்சம் வேண்டும் என்ற கவலையில். மியாசாகிக்கோ அது மத ஓவியம்போல ஆகிவிட்டதே என்ற உறுத்தல் நீடித்தது.

ஆனாலும் காட்சி தன் வேலையைச் செய்கிறது. பெஜிதே நாட்டவர் கொடுத்த இளஞ்சிவப்பு உடை, குட்டி ஓமுவின் இரத்தத்தில் நனைந்து நீலமாகிறது. அதனாலேயே ‘நீல உடை தரித்தவர் பொன்வயலில் இறங்குவார்’ என்ற வாக்கு நிறைவேறுகிறது. இரத்தத்தில் தோய்ந்து உடை வேறு நிறமாவதை வெளிப்படுத்தல் 7:14 படித்தவர்கள் கவனிக்காமல் இருக்க முடியாது. அங்கே வெண்மை, இங்கே நீலம். பெரிய வேறுபாடு இன்னொன்று: அங்கே மீட்பவரின் இரத்தம், இங்கே மீட்கப்பட்ட குட்டியின் இரத்தம். ஒற்றுமையை எழுதுபவர்கள் இந்த இரண்டாவதை விட்டுவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். 1994 வரை தொடர்ந்து வந்த மாங்காவில் (படக்கதையில்) மியாசாகி மீட்பர் வேடத்தையே கழற்றிவிடுகிறார். பழைய விஞ்ஞானிகள் விட்டுச்சென்ற மீட்புத் திட்டத்தை நௌசிகா தன் கையால் அழிக்கிறாள். திரைப்படத்தை மட்டும் பார்த்து ‘மியாசாகியின் இறையியல்’ என்று எழுதினால், பத்தாண்டு கழித்து அவரே எழுதிய மறுப்பு எதிரே வந்து நிற்கும்.

மூலத்தையும் அனிமேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இதனால் கட்டாயம். ‘டெத் நோட்’ அனிமேயின் 25ஆம் பாகத்தில், சாவதற்குச் சற்று முன், லைட்டைத் துரத்தும் துப்பறிவாளனான எல், மழையில் நனைந்த லைட்டின் பாதங்களைத் துடைத்துவிடுகிறான்; மணியோசை கேட்டதாகச் சொல்கிறான். பெரிய வியாழன் வழிபாட்டைப் பார்த்தவர்களுக்கு யூதாஸின் பாதத்தையும் கழுவிய குரு நினைவுக்கு வராமல் போகாது. இந்தக் காட்சி மாங்காவில் இல்லை. எனவே கதாசிரியரின் உள்நோக்கம் என்று எதையும் சொல்ல முடியாது; அனிமேக் குழு சேர்த்ததாக மட்டுமே பேசலாம். ஆப்பிள் இதற்கு நேர்மாறு. மாங்காவிலேயே, குறிப்பேட்டின் சொந்தக்காரனான சாவுத் தேவன் ரியூக் ஆப்பிள் தின்கிறான். ஆனால் அவனுடைய கருத்த உடலுக்கும் அகன்ற வாய்க்கும் சிவப்பு ஆப்பிள் எடுப்பாக இருந்தது என்பதுதான் கதாசிரியர் சொன்ன காரணம்.

‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’டுக்கு வருவோம். 35 லிட்டர் தண்ணீர், 20 கிலோ கரி, 4 லிட்டர் அம்மோனியா, ஒன்றரைக் கிலோ சுண்ணாம்பு, 800 கிராம் பாஸ்பரஸ், 250 கிராம் உப்பு என்று மனித உடலின் சரக்குப் பட்டியலை, இறந்த அம்மாவை ரசவாதத்தால் மீட்கப் பார்க்கும் எட்வர்ட் ஒப்பிக்கிறான். எல்லாம் சந்தையில் வாங்கக்கூடியவை. அம்மா மட்டும் திரும்பி வரவில்லை. ஒன்றைப் பெற அதே மதிப்புள்ள ஒன்றைக் கொடு என்ற சமப் பரிமாற்ற விதியில் நடந்த கதை, கடைசியில் ஒரு எண்ணில் திரும்புகிறது: பத்து கிடைத்தால் நம்முடையது ஒன்றைச் சேர்த்துப் பதினொன்றாக்கி அடுத்தவருக்குக் கொடுப்போம் என்கிறான் அவன் தம்பி அல்போன்ஸ். இது கிருபையா? இல்லை என்றே சொல்வேன். கிருபைக்குப் பத்தும் தேவையில்லை, பதினொன்றும் தேவையில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தின் வாசல்வரை கதை வந்து நிற்கிறது.

அந்த வாசலைத் தாண்டிய தொடர் ஒன்று உண்டு. யோஷிதோஷி அபே எழுதி 2002 அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்த 13 பாகத் தொடர், ‘ஹைபானே ரென்மெய்’. பெயருக்குச் சாம்பல் சிறகினர் கூட்டமைப்பு என்று பொருள் சொல்லலாம். சுவர் சூழ்ந்த ஊர் ஒன்றில், கூட்டுப்புழுபோன்ற உறைகளிலிருந்து பழைய நினைவு எதுவுமில்லாமல் பிள்ளைகள் பிறக்கிறார்கள். முதுகைக் கிழித்துக்கொண்டு இரத்தத்தோடு சிறகு முளைக்கிறது. தலைக்கு மேல் வைக்கும் ஒளிவட்டத்தை அச்சில் வார்த்துச் செய்கிறார்கள். ராக்கா என்ற பெண்ணின் வட்டம் நிற்காமல் சரிய, கம்பி வைத்துக் கட்டிவிடுகிறார்கள். அவர்கள் காசைத் தொடக் கூடாது, புதுப்பொருள் வைத்துக்கொள்ளக் கூடாது. பிறர் கழித்ததைத்தான் உடுத்த வேண்டும். தேவதூதரின் உடைமை எல்லாம் இருக்கிறது. தேவதூதர் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

சிலருக்குச் சிறகில் கரும்புள்ளி விழும். அவர்கள் ‘சுமிட்சுகி’. சப்டைட்டில் இதைப் பாவத்தால் கட்டுண்டவர் என்று பெயர்க்கிறது. ஆனால் ‘சுமி’ என்பது நீதிமன்றக் குற்றத்துக்கும் பாவத்துக்கும் பொதுவான சொல். பழைய ஷிந்தோ மந்திரத்தில் சில நோய்களும் பூச்சியால் வந்த அழிவும்கூடச் சுமிதான். ‘ட்சுகி’ என்பது நரி ஆவி பிடித்தவரைக் குறிக்கும் சொல்லின் பின்பாதி. பேய் பிடித்தவர் என்பதுபோலப் பாவம் பிடித்தவர் என்று தமிழில் சொன்னால் ஆங்கிலத்தைவிட மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும். அதாவது தொடக்கத்தில் இங்கே இருப்பது ஒட்டிக்கொண்ட தீட்டு. கிறித்தவம் சொல்லும் பாவம் இன்னும் வரவில்லை.

அதன் பிறகுதான் தொடர் வேறு திசையில் போகிறது. தன் பாவத்தை அறிந்தவனுக்குப் பாவம் இல்லை என்று அந்த ஊரின் முகமூடி அணிந்த இடைநிலைப் பேச்சாளர் வாஷி ஒரு புதிர் போடுகிறார். நீ பாவியா என்று கேட்கிறார். எனக்குப் பாவம் இல்லை என்று நினைத்த கணமே நான் பாவியாகிறேனே என்று ராக்கா தவிக்கிறாள். அதுதான் பாவ வட்டம், தனியாக அதிலிருந்து வெளியேற முடியாது என்பது அவர் பதில். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தை நினைக்காமல் இதைக் கேட்பது கடினம். பலர் இந்த ஊரையே உத்தரிக்கும் ஸ்தலம் என்று எழுதிவிட்டார்கள். பிறர் வேண்டுதலால் ஆன்மாக்கள் கரையேறும் என்ற நம்பிக்கையோடு பொருந்தும் இடங்கள் உண்டுதான். ஆனால் இந்த ஊரில் தீக்கொளுத்தும் தண்டனையும் இல்லை, தீர்ப்புச் சொல்பவரும் இல்லை.

உண்மையான முடிச்சு ரெகியிடம் இருக்கிறது. பாவம் பிடித்தவளாகவே பிறந்தவள் அவள். ஏழு ஆண்டுகளாகச் சின்னப் பிள்ளைகளை வளர்த்து, புதிதாகப் பிறப்பவர்களைத் தாங்கி, எல்லோருக்கும் அக்காவாக இருக்கிறாள். கடைசிப் பாகத்தில் உண்மையைக் கொட்டுகிறாள்: இவ்வளவும் தான் மன்னிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே செய்தது; நற்செயலைக் காசாகச் சேர்த்து விடுதலை வாங்கப் பார்த்தது. அந்தக் காசு செல்லவில்லை. அவளைக் காக்கும் ஒரே வழி, அவள் ஒருபோதும் செய்யாத ஒன்று: உதவி கேட்பது.

செயலால் அன்று, கிருபையால் என்று சீர்திருத்தத் திருச்சபைகள் சொல்லும் வாக்கியத்தை நாடகமாக்கினால் இப்படித்தான் இருக்கும் என்று முடித்துவிடத் தோன்றும். இங்கேதான் நிற்க வேண்டும். ஏனென்றால் இந்த முடிச்சுக்கு ஜப்பானிலேயே சொந்த வீடு இருக்கிறது. ஷின்ரன் (1173–1263) நிறுவிய ஜோதோ ஷின்ஷு பௌத்தத்தில் ‘ஜிரிகி’ என்றால் தன் ஆற்றல், ‘தாரிகி’ என்றால் பிறராற்றல். தன் புண்ணியத்தை நம்புகிறவன் மீளமாட்டான், அமிதா புத்தரின் சபதத்தில் விழுந்துவிடுகிறவன் மீள்வான். ‘நல்லவனே கரையேறுகிறான் என்றால் தீயவன் கரையேறுவதைக் கேட்கவா வேண்டும்’ என்ற அவருடைய வாக்கு, சீடர் தொகுத்த தன்னிஷோவில் இருக்கிறது. தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டியையும், தாயைப் பிடித்துத் தொங்கும் குரங்குக்குட்டியையும் வைத்து வைணவத்தின் இரு கலைகள் நடத்திய வாதத்தை அறிந்த தமிழர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1579இல் ஜப்பான் வந்த இயேசு சபைப் பார்வையாளர் அலெஸ்ஸாண்ட்ரோ வலிஞ்ஞானோ இதைக் கேட்டுவிட்டு, லூத்தரின் போதனையைப் போலவே இருக்கிறதே என்று எரிச்சலோடு குறிப்பிட்டார். நம் ரசிகர்கள் இன்று கண்டுபிடிக்கும் ஒற்றுமையை மிஷனரிகள் நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு கலங்கியிருக்கிறார்கள்.

தியாகக் காட்சிகளுக்கும் இப்படி உள்ளூர்ப் பாட்டன் உண்டு. கெஞ்சி மியாசாவா (1896–1933) எழுதி, 1985இல் அனிமே திரைப்படமான ‘பால்வீதி ரயில் இரவு’ கதையில் சிலுவையும் அல்லேலூயாவும் உண்டு. எல்லோருடைய நன்மைக்கும் என் உடலைப் பயன்படுத்து என்று வேண்டி எரிந்து விண்மீனாகும் தேளும் உண்டு. எழுதியவர் தாமரை சூத்திரம் என்ற பௌத்த நூலின் தீவிரப் பக்தர். பசித்த புலிக்கு உடலைக் கொடுத்த போதிசத்துவர் கதையின் வழிவந்த தேள் அது. ஒருவர் பிறருக்காகச் சாவதைக் கண்டதும் ‘இதோ கிறிஸ்து’ என்று எழுதும் முன் இந்தத் தேளை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2011இல் வந்த ‘மடோகா மாஜிகா’வை இந்த இரண்டு அளவுகோலாலும் அளந்து பார்க்கலாம். எல்லா மாயப் பெண்களின் விரக்தியையும் முக்காலத்திலும் தன் கையால் ஏற்றுக்கொள்வேன் என்று மடோகா வேண்டுகிறாள். விலையாக அவள் இருந்த சுவடே உலகத்திலிருந்து அழிகிறது. ஈடாக நிற்றல் என்ற வகையில் சிலுவைக்கு அருகே வருகிறாள். அளவில்லாத உயிர்களுக்காக ஒரு சபதம், அந்தச் சபதமே இனி உலக விதி என்ற வகையில் அமிதா புத்தராகும் முன் தர்மாகரர் எடுத்த 48 சபதங்களுக்கு இன்னும் அருகே வருகிறாள். வேறுபாட்டைக் காட்டுவது திசை. நற்செய்தியில் வார்த்தை மாம்சமாகிறது. மடோகாவில் மாம்சம் விதியாகிறது. அவளுக்குப் பிறகு வரும் பெயரே ‘வட்டத்தின் நியதி’. கிறித்தவப் பொருள் இதில் இருக்கிறது என்று எழுதுபவர் இந்தத் திசையையும் எழுதினால் எனக்கு மறுப்பில்லை.

ஹைபானேயிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். அமிதாவின் பெயரைக் கூப்பிடும் வாயையே அமிதாதான் தருகிறார் என்பது ஷின்ரன் மரபு. தட்டினால் திறக்கும் கதவு என்பது நற்செய்தி. ரெகியின் அறையில் நடப்பது இரண்டிலும் முழுதாக அடங்கவில்லை. அவள் பழைய சாவைக் கனவாக வரைந்த சுவர்களுக்கு நடுவே ரயில் வருகிறது. பக்கத்தில் நிற்பது தெய்வமோ புத்தரோ இல்லை. கதையின் தொடக்கத்தில் ரெகி தூக்கி வளர்த்த ராக்கா, கம்பி வைத்துக் கட்டிய வட்டத்தோடு வந்த பெண். ரெகி கூப்பிடும்வரை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. ரெகி கூப்பிடுகிறாள். ராக்கா தள்ளிவிட, ரயில் கடந்து போகிறது.

சாகும் மனிதரை மனிதர் மீட்பதை எந்த மரபின் பேரில் எழுதுவது என்று தொடர் சொல்வதில்லை. மறுநாள் ரெகி சுவருக்கு அப்பால் போய்விடுகிறாள். அவள் அறையைச் சுத்தம் செய்யும் வேலை மற்றவர்களுக்கு மிஞ்சுகிறது.